ஜாமினி ராயின் ஓவிய வாழ்வு

1920ஆம் ஆண்டையடுத்த காலத்திலே, கல்கத்தா நகரத்துச் செல்வக் குடும்பத்தினர் தம் தந்தையாரையோ பாட்டனாரையோ எண்ணெய் வர்ணத்தில் எழுதுவித்துக் கூடத்திலே மாட்டி வைக்க விரும்பினால், அவர்கள் நாடிச் சென்ற ஓவியர்களுள் ஜாமினி ராயும் ஒருவர். ஆள் நேரில் வந்து அமர வேண்டுவதில்லை. ஒரு புகைப்படம் இருந்தாற் போதும். சால்வையின் மடிப்பு, நெற்றியின் ஒளி, கைக்கடியில் விழும் நிழல் யாவும் உள்ளபடியே திரையில் இறங்கிவிடும். கைதேர்ந்த தொழில், ஓரளவு நிலையான வருவாய். நாற்பது வயதை அணுகிக்கொண்டிருந்த, மனைவி மக்களைக் காக்கும் பொறுப்புடைய ஒருவர் இவ்வளவும் வாய்த்த பின்னர் அதனைக் கைவிடுவாரென்று எவரும் எதிர்பாரார். ஜாமினி ராய் கைவிட்டார். அதன் பின் அவர் குடும்பம் பல ஆண்டுகள் வறுமையை அனுபவித்தது. கற்ற வித்தையை மறப்பதற்கு ஒருவர் இத்தனை விலை கொடுக்க நேர்ந்தது ஏன் என்பதே அவர் வரலாற்றில் ஆராயத்தக்கது.

அவர் பிறந்தது 1887ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 11ஆம் நாள். ஊர், மேற்கு வங்காளத்திலே பாங்குரா மாவட்டத்தைச் சேர்ந்த பேலியாதோர் என்னும் கிராமம். குடும்பம் நடுத்தரமான நிலவுடைமைக் குடும்பம். வங்காளம் என்றதும் ஆறுகளும் பசுவயல்களுமே பலருக்கு நினைவில் வரும். பாங்குராவோ செம்மண் பூமி. வறண்ட மேடுகளும் சால மரக்காடுகளும் உள்ள நாடு. சந்தால் என்னும் பழங்குடியினர் வாழும் ஊர்கள் அப்பகுதியிற் பல. கல் அரிதான அந்நிலத்தில் மண்ணே கலைஞருக்குக் கைகொடுத்தது. விஷ்ணுபூரில் மல்ல மன்னர்கள் கட்டுவித்த கோயில்களின் சுவர்களெங்கும் சுட்ட மண்ணாலாகிய சிற்பப் பலகைகள் நிறைந்துள்ளன. பாஞ்ச்முரா என்னும் ஊரில் குயவர்கள் வனையும் நீண்ட கழுத்துடைய மண்குதிரை இன்று இந்தியா முழுவதும் அறிந்த பொருள். குயவர், பொம்மை செய்வோர், படம் எழுதுவோர் ஆகியோரின் கைவேலையைப் பார்த்துக்கொண்டே அச்சிறுவன் வளர்ந்தான். அதனை எவரும் அந்நாளில் கலை என்று சொல்லவில்லை. அவனும் அவ்வாறு எண்ணியிருக்கமாட்டான்.

கலை கற்பதற்காக 1903ஆம் ஆண்டில், பதினாறாவது வயதில், கல்கத்தா அரசாங்க ஓவியப் பாடசாலையிற் சேர்ந்தார். இந்தியாவில் ஆங்கில அரசாங்கம் நிறுவிய ஓவியப் பாடசாலைகள் ஐரோப்பிய முறையையே அடிப்படையாகக் கொண்டவை. கிரேக்கச் சிலைகளின் சாந்துப் படிவத்தை முன்னால் வைத்து, அதில் ஒளி விழும் இடத்தையும் நிழல் விழும் இடத்தையும் கரிக்கோலால் வரைந்து பழகவேண்டும். பின்னர் உயிருள்ள மனித உடல். பின்னர் எண்ணெய் வர்ணம். கண்ணையும் கையையும் பழக்குவதற்கு இம்முறை சிறந்ததே. ஆயினும், சாந்துச் சிலையைப் பார்த்து எழுதப் பழகிய மாணவன் ஊருக்குத் திரும்பியதும் தன் தாயின் முகத்தை எவ்வாறு எழுதுவது என்று திகைப்பான். இக்குறை அக்காலத்துப் பாடசாலைகளோடு ஒழிந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை.

இக்குறையை உணர்ந்த ஆங்கிலேயர் ஒருவர் அப்பாடசாலைக்கே அதிபராய் இருந்தார். அவர் பெயர் ஹேவெல். அவர் துணைகொண்டு அபனீந்திரநாத் தாகூர் இந்திய மரபிலே புதியதோர் ஓவிய இயக்கத்தைத் தொடங்கி, 1905ஆம் ஆண்டு அப்பாடசாலையின் துணை அதிபரானார். அந்த இயக்கத்தின் பெருமையை உலகறியச் செய்தவர்களுள் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி முதன்மையானவர். நிவேதிதையும் அவரும் எழுதி 1913இல் வெளிவந்த புராணக் கதை நூலுக்கு அபனீந்திரரும் நந்தலால் போசு முதலிய அவர் மாணவரும் படங்கள் எழுதினர். ராஜபுத்திர ஓவியம், மொகலாயச் சிற்றோவியம், அஜந்தாவின் சுவரோவியம் ஆகியவற்றை நோக்கி அவர்கள் திரும்பினர். யப்பானிய ஓவியரிடமிருந்து நீர்வர்ணத்தைக் கழுவிக் கழுவி மென்மையாக்கும் முறையையும் பெற்றுக்கொண்டனர்.

ஜாமினி ராய் 1908ஆம் ஆண்டில் பட்டயம் பெற்று வெளியேறியபோது இவ்விரு வழிகளும் அவர் முன்னே இருந்தன. இரண்டையும் பயின்றார், இரண்டிலும் நிலைகொள்ளவில்லை. எண்ணெய் வர்ண உருவப்படம் வயிற்றை நிரப்பியது. அபனீந்திரர் வழியினரின் படங்களோ பனிமூட்டத்தினூடே தோன்றும் கனவுகள் போன்றவை. அவை இந்தியக் கலையென்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றின் வேர்கள் அரசவையிலும் நூலகத்திலும் இருந்தனவேயன்றி, பாங்குராவின் செம்மண்ணில் இருக்கவில்லை. ஐரோப்பாவில் செசானும் வான்கோக்கும் செய்த புதுமைகளையும் அச்சுப் படங்கள் வாயிலாகக் கண்டு, அவர்கள் முறையிலும் எழுதிப் பார்த்தார். பிறர் நடையில் எழுதும் ஆற்றல் அவருக்கு அளவுக்கு மீறியே இருந்தது. அந்த ஆற்றலே அவரை வருத்தியது எனலாம். எல்லார் குரலிலும் பாடத் தெரிந்தவனுக்குத் தன் குரல் எது என்பது எளிதில் புலப்படுவதில்லை.

1921ஆம் ஆண்டையடுத்து சந்தால் பெண்களையும் அவர்தம் ஆடலையும் எழுதத் தொடங்கினார். இப்படங்களில் நிழல் குறைகின்றது, கோடு முன்வருகின்றது. அதன் பின்னர் காளிகட்டத்தின்பால் அவர் கருத்துச் சென்றது. கல்கத்தாவின் காளி கோயிலைச் சூழ்ந்த கடைத்தெருவிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், யாத்திரிகர் வாங்கிச் செல்வதற்காகத் தாளில் எழுதப்பட்ட மலிவான படங்களே காளிகட்டப் படங்கள். தெய்வ உருவங்களோடு, வாயில் மீனைக் கௌவிய கள்ளப் பூனை, தலைமயிரைச் சுருட்டிவிட்ட நகரத்துச் சீமான் போன்ற கேலிப் படங்களையும் அவ்வோவியர் எழுதினர். தூரிகையை ஒருமுறை தோய்த்து, தோளிலிருந்து முழங்கை வரை ஒரே வீச்சில் இழுத்துவிடும் அக்கோடு, கற்றறிந்த ஓவியரும் வியக்கத்தக்கது. இயந்திரத்தில் அச்சிட்ட வண்ணப்படங்கள் காசுக்குக் கிடைக்கத் தொடங்கியதும் அத்தொழில் நசித்தது. ஜாமினி ராய் அதனை நாடியபோது அது ஏறக்குறைய மறைந்தேவிட்டது.

சில காலம் விளக்குக்கரி மையினால் வெறுங் கோட்டுச் சித்திரங்களாகவே எழுதினார். தாயும் சேயும், அமர்ந்திருக்கும் பெண், உழைப்பாளி என எதுவாயினும் நாலைந்து வளைகோடுகளுக்குள் அடங்கிவிடும். ஆயினும் காளிகட்டத்திலும் அவர் நின்றுவிடவில்லை. அவ்வோவியர் நகரத்துக்கு வந்து நகரத்தாரின் சுவைக்கு இசைந்துபோனவர்கள் என்பது அவர் கருத்து. மூலத்தைக் காணவேண்டுமாயின் கிராமத்துக்கே போகவேண்டும். ஆகவே தாம் புறப்பட்டு வந்த பாங்குராவுக்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களுக்கும் மாணவர்போல் மீண்டும் சென்றார்.

அங்கே அவர் குருவாகக் கொண்டவர்கள் பட்டுவாக்கள். வங்காளத்தில் 'பட்' என்பது துணியிலோ தாளிலோ எழுதிய படம். அதனை எழுதுவோர் பட்டுவா. தமிழிலும் படம் என்ற சொல்லுக்குத் துணி என்ற பொருள் உண்டு. பேகன் மயிலுக்கு ஈந்த படாமும் ஆடையே. பட்டுவாக்கள் பரம்பரையாக இத்தொழில் செய்வோர். நீண்ட சுருளிலே கட்டங் கட்டமாகக் கதையை எழுதி, ஊரூராய்ச் சென்று, சுருளைச் சிறிது சிறிதாக அவிழ்த்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலாற் சுட்டிப் பாடுவர். இராமனும் கண்ணனும் மனசா என்னும் நாகதேவியும் அச்சுருள்களில் வருவர். இந்துக் கதைகளைப் பாடும் பட்டுவாக்களுட் பலர் இஸ்லாமிய சமயத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது. சந்தால்களிடையே வழங்கும் ஒரு வழக்கமும் உண்டு. வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் அவ்வோவியன் கண்மணி எழுதப்பெறாத ஓர் உருவத்தைக் கொண்டுவந்து காட்டுவான். உரிய கொடையைப் பெற்றபின் கண்மணியை எழுதுவான். மறுவுலகிலே குருடாய் அலைந்த ஆவி அப்போதே பார்வை பெறும் என்பது நம்பிக்கை. ஓவியம் என்பது வாழ்க்கைக்கு வேண்டிய ஒரு செயலாகவே அங்கே இருந்தது.

ஜாமினி ராய் அவர்களிடமிருந்து உருவங்களை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பொருள்களையும் செய்முறையையும் எடுத்துக்கொண்டார். சீமையிலிருந்து வந்த எண்ணெய் வர்ணக் குழாய்களும் திரைச்சீலையும் விலக்கப்பட்டன. கைத்தறித் துணி, பனையோலைப் பாய், மரப்பலகை, அட்டை ஆகியவையே எழுதும் பரப்பாயின. அவற்றின்மீது களிமண்ணோ சுண்ணாம்போ பூசிக்கொள்வார். செங்காவி, மஞ்சட்காவி, சாதிலிங்கச் சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல், வெண்மை என வர்ணங்கள் ஏழுக்கு மேற்படா. காவி மண்ணிலிருந்து வந்தது, வெண்மை சுண்ணத்திலிருந்து, கருமை விளக்குப் புகையிலிருந்து. வர்ணம் பரப்பில் ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. புளியங்கொட்டையைத் தோல் நீக்கி அரைத்துக் காய்ச்சினால் வரும் அப்பசை எந்த வீட்டு அடுப்பிலும் ஆக்கத்தக்கது. எண்ணெய் வர்ணம் போல் அது பளபளப்பதில்லை. சுவரிற் பூசிய மண்போல ஒளியை உள்வாங்கி அடங்கிக் கிடக்கும்.

இம்மாற்றத்தை வெறும் சிக்கனமென்றோ சுதேசி ஆர்வமென்றோ கொள்வது முழு உண்மையாகாது. எண்ணெய் வர்ணம் மெல்ல உலரும். ஒரு நிறத்தை மற்றொன்றோடு குழைத்து நிழலுக்கும் ஒளிக்கும் இடைப்பட்ட நூறு படிகளைக் காட்ட அது இடந்தரும். பசையில் குழைத்த மண்வர்ணமோ விரைவில் உலர்ந்துவிடும். தட்டையாகப் பூசலாமேயன்றி, குழைத்து மறைக்க இயலாது. எனவே, பொருளை மாற்றியதும் பழைய கைப்பழக்கத்துக்குத் திரும்பும் வழியும் அடைபட்டது. தம் தேர்ச்சியைத் தாமே பூட்டி வைத்து, திறவுகோலை எறிந்துவிட்டார் எனலாம்.

அவருடைய முதிர்ந்த படமொன்றை உற்று நோக்கினால் இது விளங்கும். தாய் ஒருத்தி குழந்தையை இடுப்பில் ஏந்தி நேரே நோக்கி நிற்கின்றாள். புடவையின் கரை தலையிலிருந்து பாதம்வரை ஒரே வளைவாக இறங்குகின்றது. கண்கள் மீன்வடிவில் நீண்டு காதை எட்டுகின்றன. பின்னணி ஒரே நிறம். அங்கே வீடும் இல்லை, மரமும் இல்லை. நிழல் எங்குமில்லை. நிழல் இருந்தால் பொழுதொன்று குறிக்கப்பட்டுவிடும். காலையா மாலையா என்ற வினா எழும். இத்தாய் எந்த நாளின் எந்தப் பொழுதுக்கும் உரியவள் அல்லள். உருவப்படம் எழுதிய நாளில், இன்னாருடைய தந்தை இவர் என்று அடையாளம் காட்டுவதே அவர் கடமையாயிருந்தது. இங்கே அடையாளங்கள் யாவும் களையப்பட்டுள்ளன.

பட்டுவாவுக்கும் ஜாமினி ராய்க்கும் உள்ள வேற்றுமையையும் இவ்விடத்தில் காணலாம். பட்டுவாவின் படத்தைப் பாட்டுத் தாங்கும். கோடு சிறிது தளர்ந்தாலும் குரல் அதனை நிறைவுசெய்யும். ஜாமினி ராயின் படத்துக்குப் பாட்டு இல்லை. சுவரிலே தனியே தொங்கிக்கொண்டு அது தன்னைத் தானே விளக்கிக்கொள்ள வேண்டும். ஆதலின் பட்டுவாவின் கதைக் கட்டங்களை விலக்கி, ஓர் உருவத்தை எடுத்து, அதிலே ஒரு கோடும் மிகையாகாதபடி திரும்பத் திரும்பச் செப்பனிட்டார். இச்செப்பம் கிராமத்தது அன்று. கலைப் பாடசாலையின் பயிற்சியும் ஐரோப்பிய ஓவியரைக் கற்ற அறிவும் உள்ள ஒரு மனத்தினால் ஆயது. அவரை நாட்டுப்புற ஓவியர் என்று அழைப்பது தவறு. நாட்டுப்புறத்தைத் தேடிச்சென்ற நவீன ஓவியர் என்பதே பொருந்தும்.

1931ஆம் ஆண்டில் வட கல்கத்தாவிலிருந்த தம் வீட்டிலேயே ஒரு காட்சி நடத்தினார். அறைகளை வங்காளக் கிராமத்து வீடுபோல ஆக்கி, தரையிலே கோலமிட்டு, விளக்கேற்றி, படங்களை வைத்திருந்தார். வந்தோர் வியந்தனர், வாங்கினோர் சிலரே. 1934இல் வைசிராயின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. நிலைமை முற்றாக மாறியது இரண்டாம் உலகப் போரின்போதே. கல்கத்தாவிலே தங்கியிருந்த ஆங்கில, அமெரிக்கப் படையினர் அவர் வீட்டைத் தேடிவந்து படங்களை வாங்கினர். 1944இல் வங்கக் கவிஞர் விஷ்ணு தேயும் ஜான் இர்வின் என்னும் ஆங்கிலேயரும் அவரைப் பற்றி ஒரு நூல் எழுதினர். 1946இல் இலண்டனிலும் 1953இல் நியூயோர்க்கிலும் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. படங்கள் கடல் கடந்தன. அவர் கடல் கடக்கவில்லை.

இரவீந்திரநாத தாகூர் முதுமையில் ஓவியராக மாறியபோது, அவர் படங்களை மதித்துப் போற்றியவர்களுள் ஜாமினி ராய் ஒருவர். கவிஞர் தம் வாழ்வின் இறுதி ஆண்டாகிய 1941இல் தம் ஓவியங்களைப் பற்றி மனந்திறந்து அவருக்குக் கடிதம் எழுதினார். இருவர் படங்களுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை ஏதுமில்லை. ஒன்று இருளிலிருந்து எழுவது. மற்றது வெயிலில் உலர்ந்தது.

இராமாயணம் முழுவதையும் பதினேழு படங்களாக அவர் 1940ஆம் ஆண்டுகளில் எழுதினார். எழுதுவித்தவர்கள் அரசரோ செல்வந்தக் கலைச் சங்கமோ அல்லர். ரசகுல்லா விற்றுப் பேர்பெற்ற கல்கத்தாக் குடும்பத்தினர். இவற்றோடு கோபியர், பௌல் பாடகர், கறுப்புக் குதிரை, வாயில் இறாலைக் கௌவிய பூனை எனப் பலவும் அவர் கையில் உருப்பெற்றன. கிறிஸ்துவின் வாழ்வையும் அவர் பலமுறை எழுதினார். இந்துவாகிய ஒருவர் இராப்போசனத்தையும் சிலுவையையும் ஏன் எழுதவேண்டுமென்று வினவியோர் உண்டு. மனிதனும் தெய்வமும் ஒன்றாய் நிற்கும் உருவத்தை எளிய கோடுகளாற் காட்ட முடியுமா என்பதே அவர் தமக்கு இட்டுக்கொண்ட சோதனை. அப்படங்களின் கிறிஸ்து, நீண்ட கண்களும் வெண்ணிற ஆடையுமாய், வங்காளத்துத் துறவிபோல நிற்கின்றார்.

ஜாமினி ராயைப் பற்றிய பெரும் வழக்கு இனித்தான். புகழ் வந்தபின்னரும் அவர் தம் படங்களின் விலையை உயர்த்த மறுத்தார். ஆசிரியரும் எழுதுவினைஞரும் வாங்கத்தக்க விலைக்கே கொடுத்தார். கேட்போர் பலராயினமையால் ஒரே உருவத்தைப் பலமுறை எழுதினார். மகன் முதலான குடும்பத்தினர் வர்ணம் குழைத்தனர், பூசினர், சிலவேளை முழுப் படத்தையுமே எழுதினர். வீடு குயவர் வீடுபோலத் தொழிற்சாலை ஆயிற்று. வங்க எழுத்தில் அவர் பெயர் கீழே இடப்படும், இடப்படாததும் உண்டு. ஒரு படம் ஒருவர் கையாலேயே ஆகவேண்டும், அது உலகில் ஒன்றேயாகவும் இருக்கவேண்டும் என்னும் கொள்கையை அவர் ஏற்கவில்லை. விஷ்ணுபூர்க் கோயிலின் மண் சிற்பங்களில் யார் பெயர் இருக்கின்றது?

இதனைக் குற்றமாகச் சொன்னோர் பலர். உயிர்த்துடிப்புள்ள கோடு காலப்போக்கில் வாய்பாடாகிவிட்டது, தேடல் நின்று பிரதி தொடங்கிவிட்டது என்றனர். இக்குறை முற்றிலும் பொய்யன்று. 1930ஆம் ஆண்டுகளின் படங்களையும் பிற்காலப் படங்களையும் அருகருகே வைத்தால், பின்னவற்றுட் சிலவற்றில் அலங்காரமே மிஞ்சி நிற்பது தெரியும். இன்னொரு முரண்பாடும் உண்டு. கிராமத்து மக்களின் கலையை அவர் மீட்டார். ஆயின் அவர் படங்களைக் கிராமத்தார் வாங்கவில்லை. வாங்கியோர் நகரத்துக் கற்றோரும் அயல்நாட்டாருமே. இவற்றை ஒப்புக்கொண்ட பின்னரும் ஒன்று எஞ்சுகின்றது. ஓவியம் செல்வர் கூடத்துக்கே உரியதென்றிருந்த காலத்தில், மாதச் சம்பளக்காரன் வீட்டுச் சுவரிலும் கையால் எழுதிய படமொன்று இருக்கலாமென்று அவர் காட்டினார். திரும்ப எழுதுவதால் வந்த தளர்ச்சியையும், அதனால் விளைந்த இப்பயனையும் ஒரே தராசில் நிறுப்பது எளிதன்று. நிறுத்தோர் ஒத்த முடிவுக்கு வந்ததுமில்லை.

1949இல் தென் கல்கத்தாவின் பாலிகஞ்சுப் பகுதியில் கட்டிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். 1954இல் பத்மபூஷண் விருதும், 1955இல் லலித கலா அக்காதெமியின் சிறப்புறுப்பினர் தகுதியும் பெற்றார். 1972ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 24ஆம் நாள் தமது எண்பத்தைந்தாம் வயதில் காலமானார்.

அவர் மறைந்து நான்காண்டுகளின் பின், 1976இல், அவர் படைப்புக்களை இந்திய அரசாங்கம் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. அதனால் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோதல் தடையாயிற்று. குறைந்த விலைக்கு விற்கப்பட்ட படங்கள் ஏலத்தில் இலட்சக்கணக்கான ரூபாய் பெறலாயின. அதைத் தொடர்ந்து போலிகளும் பெருகின. எளிமையான கோடு, எளிதில் கிடைக்கும் வர்ணம், சிலவற்றில் கையொப்பமும் இல்லை; போலி செய்வோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இது ஜாமினி ராய் எழுதியது, இது மகன் எழுதியது, இது வேறொருவன் எழுதியது என்று பிரித்தறியும் பொருட்டு வல்லுநர்கள் இப்போது வர்ணத்தையும் பசையையும் சோதிக்கின்றனர். பாலிகஞ்சு வீட்டை 2023ஆம் ஆண்டில் ஓவிய விற்பனை நிலையமொன்று அருங்காட்சியகம் ஆக்கும் நோக்குடன் வாங்கியது. எழுதியவர் யாரென்று கேளாமல் படங்கள் அடுக்கப்பட்டிருந்த அதே அறைகளில், இனி ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரும் ஆண்டும் பொறித்த சீட்டு இருக்கும்.